கோடையில் காப்பகம்: பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள்

மதுரையில் சின்னதாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஐந்து மாதக் கைக்குழந்தையிலிருந்து அடுத்து எல்கேஜி போகப்போகிற பிள்ளைகள் வரை எங்களிடம் இருக்கிறார்கள். பங்குனி வெயில் ஏற ஆரம்பித்தால் வாசலில் கேள்விகளும் ஆரம்பித்துவிடும். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான், கேட்கிறவர்கள் மட்டும் மாறுவார்கள். ஒரு கையில் வண்டிச் சாவியும் மறுகையில் பிள்ளையின் பையுமாக அவர்கள் கேட்க, நானும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த முறை உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன். கேள்விகளை நீங்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, மே மாசம் லீவு விடுவீங்களா?

மாதம் முழுக்க மூட மாட்டோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மே மாதத்தில் யார் லீவு தருகிறார்கள்? சித்திரை முதல் நாள், மே தினம், அழகர் ஆற்றில் இறங்கும் நாள், இவை மூன்றும் விடுமுறை. அதற்கு முந்தின நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று, மதியம் 1 மணியோடு முடித்துக்கொள்வோம், ஏனென்றால் அன்று சாயங்காலம் தல்லாகுளம் பக்கம் வண்டி நகராது, போன வருஷம் ஒரு அம்மா பிள்ளையைக் கூப்பிட வந்து சேர இரவு எட்டரை ஆகிவிட்டது.

திருவிழா முடிந்து வருகிற பிள்ளைகளில் நாலைந்து பேருக்காவது மொட்டை போட்டிருக்கும். அந்தத் தலைக்குப் பருத்தித் தொப்பி ஒன்று கொடுத்து அனுப்புங்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழகரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள், அன்றைக்குப் பாட்டு, விளையாட்டு எதற்கும் எழுப்பாமல் தூங்க விட்டுவிடுவோம்.

இந்த வெயிலில் பிள்ளைகளை வெளியே விடுவீங்களா?

காலை 9 மணி வரை வேப்பமரத்தடியில் மண்ணில் விளையாடுவார்கள். அதன் பிறகு உள்ளேதான், மறுபடி வெளியே வருவது சாயங்காலம் 5 மணிக்கு மேல். அக்னி நட்சத்திரம் மே 4 தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும், அந்த நாட்களில் காலையிலும் அரை மணி நேரத்தோடு சரி.

தண்ணீர் விளையாட்டு வாரத்தில் இரண்டு நாள் உண்டு. டப்பில் ஒரு சாண் தண்ணீர்கூட இருக்காது, ஆனாலும் ஒரு ஆள் வேறு எந்த வேலையும் பார்க்காமல், போனைத் தொடாமல், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் டப்பைக் கவிழ்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் துவட்டுவோம். நடக்கப் பழகுகிற குழந்தை குப்புற விழுந்தால் மூழ்குவதற்கு அந்தத் தண்ணீர் போதும். வீட்டு பாத்ரூம் வாளிக்கும் இதே கதைதான்.

உடம்பெல்லாம் வேர்க்குரு, நல்லா பவுடர் போட்டு அனுப்பட்டுமா?

வேண்டாம். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் களிம்பு மாதிரி அப்பிக்கொள்கிறது, அதைத் துடைத்து எடுப்பதற்குள் தோல் சிவந்துவிடுகிறது. தட்டும்போது பறக்கிற தூளைக் குழந்தை மூச்சில் இழுப்பது அதைவிடக் கெடுதல். தேங்காய் எண்ணெயை மடிப்புகளில் தடவி அனுப்புவதும் இந்த இரண்டு மாதம் வேண்டாம், வியர்வை வெளியேற வழியில்லாமல் போகும்.

கையில்லாத பருத்தி பனியன், தளர்ந்த டிராயர், அவ்வளவுதான் உடுப்பு. பையில் மூன்று மாற்றுத்துணி வையுங்கள். மதியம் ஒருமுறை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேன் காற்றில் ஆறவிடுகிறோம், வேர்க்குரு அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ் வைத்த கட்டியாக மாறினால் டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

பாப்பாவுக்கு அஞ்சு மாசம்தான், வெயிலுக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி கொடுத்தா என்ன?

பாட்டிமார்கள் அதிகம் கேட்கிற கேள்வி இது, கேட்பதும் பிரியத்தால்தான். ஆனால் ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர் தேவையில்லை, வெயில் எத்தனை அடித்தாலும் சரி. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிறைந்து பால் குடிப்பது குறையும், வயிற்றுப்போக்கும் வரலாம். அதற்குப் பதிலாகப் பால் கொடுக்கும் தடவையைக் கூட்டுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு அரை மணிக்கு ஒருமுறை நாங்களே தம்ளரை நீட்டுவோம், தாகம் என்று அவர்களாகச் சொல்லும் வரை காத்திருப்பதில்லை. எத்தனை முறை சிறுநீர் போனான் என்று நோட்டில் குறித்துவைக்கிறோம். ஆறு மணி நேரமாகப் போகவில்லை, கண் உள்வாங்கியிருக்கிறது, கூப்பிட்டால் சுரத்தில்லாமல் பார்க்கிறான் என்றால் உங்களுக்குப் போன் வரும், நீங்கள் வரும் வரை காத்திருக்காமல் நாங்களே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியும் இருப்போம்.

மத்தியானம் நானே வந்து பால் கொடுத்துட்டுப் போகலாமா? இல்ல எடுத்து வெச்ச பால் தரட்டுமா?

இரண்டும் செய்யலாம். உள்ளே ஒரு மூலையில் திரை போட்டு நாற்காலி வைத்திருக்கிறோம், எந்த நேரமும் வரலாம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பார்த்து வரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தம் வந்தது. இதை உங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். நம் ஊரில் நிறைய பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிவதில்லை.

எடுத்து வைத்த பால் என்றால், வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி வரை உள்ள அறைக்குச் சொன்னது, மதுரை மே மாதத்துக்கு இல்லை. எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் பேக்கோடு கொண்டுவாருங்கள். டப்பாவில் பெயரும் எடுத்த தேதி, நேரமும் எழுதியிருக்க வேண்டும். சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடேற்றிக் கொடுப்போம், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைத் திருப்பித் தர மாட்டோம், கொட்டிவிடுவோம். அதைப் பார்க்க உங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஆகையால் ஒரே டப்பாவாக இல்லாமல் சின்னச் சின்ன அளவாகப் பிரித்து அனுப்புங்கள்.

நுங்கு, மாம்பழம், ஜூஸ் எல்லாம் டப்பாவில் வெச்சு அனுப்பலாமா?

நுங்கு வந்தால் எங்களுக்கே கொண்டாட்டம். ஆனால் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் முழுசாகப் போய்விடும், அதனால் தோல் உரித்து மசித்தே கொடுப்போம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டி அனுப்புங்கள், குறுக்கே வெட்டினால் அடைக்கிற வடிவம் மாறுவதில்லை. மாம்பழம் நன்றாகக் கழுவி, காம்புப் பக்கம் தாராளமாக நறுக்கித் தள்ளியிருக்க வேண்டும், அந்தப் பால் பட்டு வாயைச் சுற்றிப் புண்ணாகி வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது.

அட்டைப்பெட்டி ஜூஸ் வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு என்று சிலர் கடையில் வாங்கி வருகிற இனிப்புப் பானங்களும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொன்ன உப்பு, சர்க்கரை விகிதத்தில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. மெடிக்கலில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். தூள் பாக்கெட்தான் சரி. பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். அரை பாக்கெட், கால் லிட்டர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

லேசா சூடுதான் இருந்துச்சு, சிரப் கொடுத்துட்டேன், இன்னிக்கு மட்டும் விட்டுட்டுப் போகட்டுமா?

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது, நானும் வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்த்தவள்தான். ஆனாலும் விட வேண்டாம். காலை எட்டு மணிக்குக் கொடுத்த சிரப் மதியம் விட்டுப்போகும்போது காய்ச்சல் திடீரென்று ஏறும், அதற்குள் பிள்ளை எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டு விளையாடியிருக்கும். 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் கூட்டிவாருங்கள்.

கொடுத்தே விட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், நேரத்தையும் அளவையும் பாட்டிலையும் காட்டுங்கள். பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் வருகிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் வருகிறது, இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நீங்கள் கொடுத்தது தெரியாமல் நாங்களும் கொடுத்துவிட்டால் அது பிள்ளையின் ஈரலுக்குத்தான் வினை. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் கொடுக்க மாட்டோம் என்று சொல்வது இதனால்தான்.

வீட்டுல அம்மா வந்திருக்கு. அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க, எத்தனை நாள் கழிச்சு அனுப்பலாம்?

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதையும், வேப்பிலை போட்ட தண்ணீரை வெயிலில் சூடாக்கித் தலைக்கு ஊற்றுவதையும் நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆள் வந்து போகாமல் வீட்டை ஒதுக்கி வைக்கிற அந்தப் பழக்கம் தொற்றைத் தடுக்கவும் உதவுகிறது. ஆனால் எங்களிடம் சொல்லாமல் விட்டால் அந்த ஒதுக்கலுக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னாலேயே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடும். அதாவது உங்கள் பிள்ளை கடைசியாக இங்கே வந்து விளையாடிய அன்றே மற்றவர்களுக்கு ஒட்டியிருக்கலாம். ஒட்டியவர்களுக்குத் தெரியவர 10 முதல் 21 நாள் ஆகும்.

யார் வீடு என்று நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். 'ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கிறது' என்று மட்டும் எல்லோருக்கும் தகவல் போகும். இங்கே பிள்ளை விடுகிறவர்களில் மாசமாக இருக்கும் அம்மாக்கள் உண்டு, முன்பு அம்மை வராத கர்ப்பிணிக்கு அது வந்தால் ஆபத்து, அவர் உடனே தன் டாக்டரிடம் பேச வேண்டும். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்ற கணக்கை மட்டும் வைத்து அனுப்பாதீர்கள், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டியிருக்க வேண்டும், புதிதாக ஒன்றும் வரக் கூடாது. அநேகமாக ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது, 15 மாதத்தில் முதல் ஊசி, ஆனால் அரசின் இலவசப் பட்டியலில் அது வராது, குழந்தை டாக்டரிடம் கேட்டுத் தனியாகப் போட வேண்டும்.

பெரியவனுக்கு ஸ்கூல் லீவு, அவனையும் தம்பியோட சேர்த்து விடலாமா?

எட்டு வயது வரை எடுத்துக்கொள்கிறோம், மே மாதம் மட்டும். அவர்களுக்குத் தனி அறை, தனி நேரம். பல்லாங்குழி, தாயம், படம் வரைதல், மதியம் கதை. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள், 'தம்பி அழுதா நீ போய்ப் பாரு' என்று காலையில் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை நாள் முழுக்க விளையாடாமல் கதவையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவனுக்கும் அது லீவுதானே.

ஆச்சி வீட்டுக்கு இருபது நாள் போய்ட்டு வந்தான், இப்ப உள்ள வரவே மாட்டேங்கறான். முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

முதலிலிருந்து இல்லை. முதல் முறை பழகப் பத்து நாள் ஆன பிள்ளை, இந்த முறை மூன்று நாலு நாளில் பழகிவிடும். முதல் இரண்டு நாள் மதியத்தோடு கூப்பிட்டுக்கொண்டு போங்கள். அவன் பார்க்காத நேரத்தில் நழுவிப் போகாதீர்கள், அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள். 'அஞ்சு மணிக்கு' என்றால் அவனுக்குத் தெரியாது, 'தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வருவேன்' என்று சொன்னால் புரியும். ஊரில் டிராயரிலேயே போயிருப்பான், ராத்திரி போன் பார்த்துத்தான் தூங்கியிருப்பான், அதையெல்லாம் தப்பாக நினைக்காமல் சொல்லுங்கள், அங்கிருந்து நாங்கள் கொண்டுவந்துவிடுவோம்.

கட்டணத்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். 15 நாளுக்கு மேல் தொடர்ந்து வரவில்லை என்றால் அந்த மாதம் பாதிப் பணம், ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஆயாக்களுக்கு நாங்கள் முழுச் சம்பளம் கொடுக்கிறோம், அதனால் முழுசாகத் தள்ள முடிவதில்லை.

இன்னிக்கு அவன் சித்தப்பா வந்து கூப்பிட்டுக்குவார், போன்ல சொன்னா போதுமா?

போதாது. படிவத்தில் போட்டோவோடு பெயர் கொடுத்தவர்களிடம் மட்டும்தான் அனுப்புவோம். லீவுக்கு ஊரிலிருந்து வந்த தாத்தா, மாமா எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் அதிகம் வருவார்கள், ஆகவே வந்த அன்றே பெயரைச் சேர்த்துவிடுங்கள். பிள்ளை 'சித்தப்பா!' என்று ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாலும் பட்டியலில் இல்லை என்றால் உட்கார வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவோம், அவர் கோபப்பட்டால் நீங்கள் சமாதானம் சொல்லுங்கள். குடித்துவிட்டு வந்தவரிடம், அவர் அப்பாவே ஆனாலும், பிள்ளையைக் கையில் கொடுக்க மாட்டோம்.

பைக்கில் கூட்டிப்போகிறவர்களுக்கு: நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பெல்ட் போட்டு, அளவான ஹெல்மெட் வைத்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் போக வேண்டும் என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. காரில் வருகிறவர்கள் தூங்குகிற இன்னொரு பிள்ளையை வண்டியிலேயே விட்டுவிட்டு 'ஒரு நிமிஷம்தான்' என்று உள்ளே வராதீர்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். தூக்கிக்கொண்டே வாருங்கள், இல்லை வாசலில் ஹாரன் அடியுங்கள், நாங்கள் கொண்டுவந்து கொடுக்கிறோம்.

வீட்டு விஷயத்தை எல்லாம் எதுக்குக்கா உங்ககிட்ட சொல்லணும்?

சொல்லாவிட்டாலும் பிள்ளை சொல்லிவிடும், வாயால் இல்லை. ஒரு நாள் மூன்று வயதுப் பெண் ஒருத்தி பொம்மையை எடுத்து நட்ட நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். கைகளைச் சேர்த்து வைத்தாள். ஜன்னலோரம் கிடந்த காகிதத் துண்டுகளை அதன் மேல் ஒவ்வொன்றாகப் போட்டாள், அப்புறம் மற்ற பிள்ளைகளை இழுத்து வந்து சுற்றச் சொன்னாள். விளையாட்டு என்று நினைத்து ஆயா பொம்மையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். அவள் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. தாத்தா இறந்து நாலு நாள் ஆகியிருந்தது என்பது சாயங்காலம் அவள் அப்பா வந்தபோதுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அந்தப் பொம்மையை அங்கேயே விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

விவரம் எதுவும் வேண்டாம். 'வீட்டில் துக்கம்', 'அப்பா துபாய் கிளம்பிட்டார்', 'வீடு மாத்துறோம்', 'ராத்திரி சண்டை', இப்படி ஒரு வரி போதும், நோட்டில் எழுத வேண்டாம் என்றால் என் காதில் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை கடித்தால், சாப்பிட மறுத்தால், மடியை விட்டு இறங்க மறுத்தால் அதற்கு நாங்கள் அதட்ட மாட்டோம்.

ரெண்டாவது பாப்பா பிறந்திருக்கு, பெரியவளைக் கொஞ்ச நாள் வீட்டுலயே வெச்சுக்கட்டுமா?

ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், பாப்பாவைப் பார்க்கட்டும், தொடட்டும். அதற்குப் பிறகு வழக்கம்போல அனுப்புவதுதான் நல்லது, அவளுடைய நாளில் மாறாமல் இருப்பது இந்த இடம் ஒன்றுதான். இங்கே வந்து கைக்குழந்தையின் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள், பால்பாட்டில் கேட்பாள், ஈரம் பண்ணுவாள். கொஞ்ச நேரம் தொட்டிலில் ஆட்டிவிடுவோம், தப்பில்லை. தினமும் ஒரு தடவையாவது பாப்பாவைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு நீங்களே வந்து இவளைக் கூப்பிடுங்கள், இரண்டு கையும் காலியாக.

நாங்க பிரிஞ்சு இருக்கோம். அவங்க அப்பா வந்தா அனுப்பாதீங்கன்னு சொன்னா கேட்பீங்களா?

நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகல் கொடுங்கள், அதில் உள்ளபடி அப்படியே நடப்போம். இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்று சொல்கிறது, ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. உத்தரவு இல்லாத நிலையில் அவர் வந்தால் உங்களுக்கு உடனே போன் செய்வோம், நீங்கள் வந்தால் அவருக்கும் அதே மரியாதை.

இரண்டு பேரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்தவரைப் பற்றிப் பிள்ளை என்ன சொன்னது என்று எங்களிடம் விசாரிக்காதீர்கள். இங்கே அது பேசுவது அதற்குச் சொந்தமானது. பிள்ளைக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தோன்றினால் மட்டும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுவோம், அதை யாரிடமும் கேட்டுவிட்டுச் செய்ய மாட்டோம்.

தண்ணி விளையாட்டு போட்டோவை குரூப்புல ஏன் போடறதில்ல?

ஈர உடுப்பில், உடுப்பில்லாமல், தூங்கும்போது எடுத்த படங்கள் குரூப்பில் வராது. குரூப்பில் இருப்பவர்கள் அதை எங்கெல்லாம் அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை. உங்கள் பிள்ளையின் படம் உங்களுக்குத் தனியாக வரும். மற்றவர் பிள்ளை தெரிகிற படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். மேலே சொன்ன வீட்டு விஷயங்களையும் குரூப்பில் பேச வேண்டாம், என் நம்பருக்கு அனுப்புங்கள்.

ஜூன்ல எல்கேஜி போறான், கடைசி நாள் ஏதாவது செய்யணுமா?

கேக் வேண்டாம். ஒரு வாரம் முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள், 'வெள்ளிக்கிழமையோட இங்க வர்றது முடியுது, அப்புறம் பெரிய ஸ்கூல்' என்று. கடைசி நாள் அரை மணி முன்னால் வாருங்கள். அவன் தினமும் படுத்த பாயையும் தலையணை உறையையும் மடித்துக் கையில் கொடுப்போம், ஆயாவிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.